பட்டத்து இளவரசர்களின் பெயருக்குள் இருக்கும் நிலம்

கேள்வி இதுதான்: சார்லஸ் அரசராவதற்கு முன் ‘வேல்ஸ் இளவரசர்’ என்று அழைக்கப்பட்டார், இப்போது வில்லியமை அப்படி அழைக்கிறார்கள். அப்படியானால் இரண்டாம் எலிசபெத் ராணியாவதற்கு முன் ஏன் ‘வேல்ஸ் இளவரசி’யாக இல்லை? பிரான்சில் அரசரின் மூத்த மகனை ஏன் ‘டால்ஃபின்’ என்றார்கள்? மற்ற ஐரோப்பிய நாடுகளில் என்ன வழக்கம்?

தமிழில் ‘பட்டத்து இளவரசர்’ என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்து அரியணை ஏறப் போகிறவர் யார் என்பது தெரிந்துவிடும். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். ‘மகுட இளவரசர்’ என்ற பொருள் தரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளோ வாரிசுக்கு ஒரு நிலப்பகுதியின் பெயரைக் கொடுத்தன. ஏன் அந்தக் குறிப்பிட்ட நிலம் என்று தேடிப் போனால் ஒன்றின் பின்னால் போர், இன்னொன்றின் பின்னால் கிரயம், வேறொன்றின் பின்னால் கல்யாணம் இருக்கிறது. பழைய பட்டயங்களைப் போலத்தான் இவையும். இந்த நிலம் எங்களுடையது, எங்களுக்குப் பின் எங்கள் பிள்ளையுடையது என்று ஊருக்கு அறிவிக்கும் எழுத்து. கௌரவப் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கதை போய்விடும்.

முதலில் வேல்ஸ். ‘வேல்ஸ் இளவரசர்’ என்பது இங்கிலாந்து உண்டாக்கிய பட்டம் கிடையாது. அது வேல்ஸ் நாட்டு ஆட்சியாளர்களே வைத்திருந்த பட்டம். 1267-இல் மான்ட்கோமரி உடன்படிக்கையில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி, லிவெலின் என்ற வேல்ஸ் ஆட்சியாளரை ‘வேல்ஸ் இளவரசர்’ என்று முறைப்படி ஏற்றுக்கொண்டார். ஹென்றியின் மகன் முதலாம் எட்வர்ட் அரசரானதும் உறவு கெட்டது. 1277-இல் ஒரு போர், 1282-இல் இன்னொரு போர். அந்த ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி கில்மெரி என்ற இடத்தருகே லிவெலின் கொல்லப்பட்டார். அவர் தலை லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது. தம்பி தவித் அடுத்த ஆண்டு ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். தவித்தின் மகன்கள் பிரிஸ்டல் கோட்டைச் சிறைக்குப் போனார்கள். லிவெலினின் சிறு மகுடம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குக் காணிக்கையானது.

இந்தக் கதையில் என்னால் மறக்கவே முடியாதவள் லிவெலினின் மகள் குவென்லியன். 1282 ஜூனில் பிறந்தாள். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார், ஆறு மாதத்தில் தந்தையும் போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்தவளை வேல்ஸிலிருந்து எடுத்துச் சென்று, இங்கிலாந்தின் மறுகோடியில் லிங்கன்ஷயரில் இருக்கும் செம்ப்ரிங்கம் கன்னிமடத்தில் விட்டார்கள். அவள் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மகனைப் பெற்றுவிட்டால் அவன் வேல்ஸுக்கு உரிமை கேட்பான், அது நடக்கக் கூடாது என்பதுதான் காரணம். 54 வயது வரை அந்த மதில்களுக்குள்ளேயே வாழ்ந்து 1337-இல் இறந்தாள். இப்போது தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1301 பிப்ரவரியில் முதலாம் எட்வர்ட் தன் மகன் எட்வர்டுக்கு ‘வேல்ஸ் இளவரசர்’ பட்டத்தைக் கொடுத்தார், கூடவே வேல்ஸில் அரசருக்கு இருந்த நிலங்களையும். அதே நேரத்தில் நாடாளுமன்றம் கூடியிருந்த இடம் லிங்கன். அந்தப் பட்டத்தை வைத்திருந்தவரின் ஒரே மகள் அதே லிங்கன்ஷயரில் ஒரு மடத்துக்குள் 18 வயதுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். 2009-இல் வேல்ஸின் ஸ்னோடோனியா மலைப்பகுதியில் ஒரு சிகரத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள். 700 ஆண்டுக்கு மேல் ஆகியும் ஊர் அவளை மறக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. வேல்ஸ் பிரபுக்கள் ‘எங்களுக்கு இந்த மண்ணில் பிறந்த, ஒரு சொல் ஆங்கிலம் பேசாத இளவரசர்தான் வேண்டும்’ என்று கேட்டார்களாம். எட்வர்ட் உடனே கெர்நார்வன் கோட்டையில் பிறந்த தன் பச்சைக் குழந்தையைத் தூக்கிக் காட்டி ‘இதோ உங்கள் இளவரசர்’ என்றாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்த கதை அல்ல. இது எழுத்தில் தலைகாட்டுவதே 16-ஆம் நூற்றாண்டில்தான். குழந்தை கெர்நார்வனில் பிறந்தது உண்மை, 1284 ஏப்ரல் 25. ஆனால் அன்று அவன் வாரிசே இல்லை. 10 வயது அண்ணன் அல்ஃபோன்ஸோ உயிரோடு இருந்தான். அவன் அந்த ஆகஸ்டில் இறந்த பிறகுதான் தம்பி வாரிசானான். பட்டமும் பிறந்த அன்றைக்குக் கிடைக்கவில்லை, 16 வயதில்தான் கிடைத்தது. கைப்பற்றிய நாட்டின் பட்டத்தைச் சமரசப் பரிசு மாதிரிக் காட்ட இந்தக் கதை உதவியது. அதனால்தான் இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது என்பது என் கருத்து. வேல்ஸ்காரர்கள் அதை எல்லாக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதும் இல்லை. 1400-இல் ஓவைன் கிளின்டூர் தன்னையே வேல்ஸ் இளவரசராக அறிவித்துக்கொண்டு ஆங்கிலேயரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டார்.

சரி, எலிசபெத் விஷயத்துக்கு வருவோம். இதற்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ‘வேல்ஸ் இளவரசர்’ தானாக வந்து சேரும் பட்டம் அல்ல. ஒவ்வொரு முறையும் அரசரோ ராணியோ புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமலும் விடலாம். மூன்றாம் எட்வர்டுக்கு அது கொடுக்கப்படவே இல்லை, நேராக அரசராகிவிட்டார். தானாக வருவது இன்னொரு பட்டம், கார்ன்வால் கோமகன் (டியூக்). 1337-இல் மூன்றாம் எட்வர்ட் தன் மகனுக்காக, பின்னாளில் ‘கறுப்பு இளவரசர்’ என்று பெயர் பெற்ற எட்வர்டுக்காக, உண்டாக்கியது. இங்கிலாந்தில் கோமகன் என்ற பதவியே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அரசரின் மூத்த மகனாகவும் அடுத்த வாரிசாகவும் இருப்பவருக்கு, பட்டமேற்பு விழா எதுவும் இல்லாமலே, அந்தக் கணத்திலேயே அது சேர்ந்துவிடும். 1952 பிப்ரவரியில் தாத்தா ஆறாம் ஜார்ஜ் இறந்தபோது மூன்று வயது சார்லஸ் கார்ன்வால் கோமகனாகிவிட்டார். வேல்ஸ் இளவரசர் ஆனது ஆறு ஆண்டு கழித்து, 1958-இல். பட்டமேற்பு விழா அதற்கும் 11 ஆண்டு கழித்து, 1969 ஜூலை 1-ஆம் தேதி கெர்நார்வன் கோட்டையில். அதற்கு முன் அபரிஸ்டுவித் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தங்கி வேல்ஸ் மொழி படித்தார். விழாவை எதிர்த்துப் போராட்டங்களும் குண்டுவெடிப்புகளும் நடந்தன. முந்தைய நாள் இரவு குண்டு வைக்கப் போன இருவர் அது கையிலேயே வெடித்து இறந்தார்கள். 1282 அந்த மண்ணில் வெறும் வரலாற்றுப் பாடமாக ஆகிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கார்ன்வால் பட்டத்தோடு வருவது வெறும் பெயரில்லை, சொத்து. சுமார் 1,30,000 ஏக்கர் நிலம், அதன் வருமானம் வாரிசின் செலவுக்கு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: லண்டன் ஓவல் மைதானம் இருக்கும் இடம் இந்தக் கார்ன்வால் சொத்தில் சேர்ந்தது. அங்கே விளையாடும் சர்ரே அணியின் சின்னத்தில் மூன்று இறகுகள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அவை வேல்ஸ் இளவரசரின் தீக்கோழி இறகுகள். அடுத்த முறை ஓவலில் டெஸ்ட் போட்டி பார்க்கும்போது 1337-ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்றின் மேல்தான் பந்து உருள்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது செய்தி, வாரிசுகளில் இரண்டு வகை உண்டு. ஒருவர், யார் பிறந்தாலும் தள்ள முடியாத வாரிசு. இன்னொருவர், இப்போதைக்கு வாரிசு, இன்னொரு குழந்தை பிறந்தால் பின்னால் போய்விடுவார். எலிசபெத் இரண்டாம் வகை. அவருக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆனால் அந்தக் காலச் சட்டப்படி, ஆறாம் ஜார்ஜுக்கு எப்போது ஒரு மகன் பிறந்தாலும் அவன்தான் முந்துவான். பெற்றோர் வயது என்ன, இனி நடக்குமா என்பதையெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. அரசர் உயிரோடு இருக்கும்வரை அந்த வாய்ப்புத் திறந்தே இருப்பதாகக் கணக்கு. 1944-இல் எலிசபெத்துக்கு 18 வயது ஆகும்போது அவரை வேல்ஸ் இளவரசியாக்க வேண்டும் என்று வேல்ஸிலிருந்தே கோரிக்கை வந்தது. ஆறாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். அந்தப் பட்டம் வேல்ஸ் இளவரசரின் மனைவிக்கு உரியது என்பது அவர் நிலை. டயானாவும் இப்போது கேத்ரினும் வேல்ஸ் இளவரசி ஆனது அந்த வழியில்தான். தன் சொந்த உரிமையில் அந்தப் பட்டத்தை முறைப்படி பெற்ற பெண் இங்கிலாந்து அரச குடும்பத்தில் ஒருவரும் இல்லை. எட்டாம் ஹென்றியின் மகள் மேரி மட்டும் ஒன்பது வயதில் வேல்ஸ் எல்லையில் உள்ள லட்லோவுக்குத் தன் பரிவாரத்தோடு அனுப்பப்பட்டார். பலரும் அவரை வேல்ஸ் இளவரசி என்றே அழைத்தார்கள். ஆனால் பட்டயம் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

இந்த ‘இப்போதைக்கு வாரிசு’ விஷயத்தை எவ்வளவு கறாராகப் பார்த்தார்கள் என்பதற்கு 1837 நல்ல உதாரணம். நான்காம் வில்லியம் இறந்து விக்டோரியா ராணியாக அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்பிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: மறைந்த அரசருக்கு அவர் மனைவி அடிலெய்ட் வயிற்றில் இனிமேல் ஒரு குழந்தை பிறந்தால் அதன் உரிமை பாதிக்கப்படாது. அடிலெய்டுக்கு அப்போது வயது 44. விக்டோரியாவே சில மாதங்களுக்கு ‘இப்போதைக்கு ராணி’தான்!

மகன் இல்லாமல் பேரன் வாரிசாக இருந்தாலும் கார்ன்வால் கிடைக்காது. 1751-இல் இரண்டாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடரிக் தந்தைக்கு முன்பே இறந்தார். 12 வயதுப் பேரன் ஜார்ஜ் வாரிசானான். அவனுக்கு வேல்ஸ் பட்டம் உடனே தரப்பட்டது. கார்ன்வால் தரப்படவில்லை, ஏனென்றால் பட்டயத்தில் எழுதியிருப்பது அரசரின் மகன். பேரனுக்கு அதில் இடமில்லை. அந்தப் பையன்தான் பிறகு மூன்றாம் ஜார்ஜ்.

ஸ்காட்லாந்துக்கு வேறு பெயர். 1398-இல் மூன்றாம் ராபர்ட் தன் மகன் டேவிடுக்குக் கொடுத்த ‘ராத்சே கோமகன்’ பட்டம்தான் அங்கே வாரிசுக்கு. எல்லைக்கு வடக்கே போனால் இன்றும் வில்லியமை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதோடு ‘தீவுகளின் தலைவர்’ என்றும் ஒரு பட்டம் சேரும். அதுவும் பறித்ததுதான். மேற்குத் தீவுகளை ஏறக்குறைய தனி அரசு போல ஆண்ட மெக்டொனால்டு குலத்திடமிருந்து 1493-இல் நான்காம் ஜேம்ஸ் எடுத்துக்கொண்டது.

இனி பிரான்சின் டால்ஃபின். அது ஒரு கிரயக் கதை.

பிரான்சின் தென்கிழக்கில், கிரெனோபிள் நகரைச் சுற்றி, ஆல்பன் குறுநில மன்னர்கள் ஆண்டுவந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ‘டால்ஃபின்’ என்று பெயர் இருந்தது. ஆள் பெயர்தான். அது பின்வந்தவர்களுக்குக் குடும்பப் பெயராகி, அப்புறம் பதவிப் பெயராகியது. கேடயத்தில் டால்ஃபின் மீனை வரைந்துகொண்டார்கள். நிலத்துக்கே ‘தோஃபினே’ என்று பெயர் வந்துவிட்டது. ஆக, கடலே இல்லாத மலைநாட்டுக்கு மீன் சின்னம். இந்த வரிசையின் கடைசி ஆள் இரண்டாம் உம்பேர். ஒரே மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே 1335-இல் இறந்துவிட்டான். வாரிசு இல்லை, கடன் கழுத்துவரை. சொத்தை விற்க முடிவு செய்தார். பிரான்ஸ் அரசர் ஆறாம் பிலிப் வாங்க வந்தார். முதல் ஒப்பந்தத்தில் அரசரின் இளைய மகனுக்குத்தான் நிலம் போவதாக இருந்தது. பிறகு மாற்றினார்கள். கடைசியில் 1349-இல் அரசரின் பேரன் சார்லஸ் அதைப் பெற்றுக்கொண்டான். அடுத்த ஆண்டே தாத்தா இறந்து அப்பா அரசராக, சார்லஸ் முதல் வாரிசானான். அப்படித்தான் ‘தோஃபான்’ (டால்ஃபின் என்பதன் பிரெஞ்சு வடிவம்) என்ற பட்டம் பிரெஞ்சு வாரிசோடு ஒட்டிக்கொண்டது. உம்பேர் ஊரை விற்றுவிட்டுப் போகும்போது தன் குடிமக்களின் உரிமைகளை எழுத்தில் உறுதி செய்து கொடுத்துவிட்டுத்தான் போனார், பிறகு துறவியானார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை உண்டு. நிலத்தை விற்கும்போது அதில் வாழ்பவர்களையும் நினைத்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

இந்தப் பட்டத்தில் ‘இன்னும் அரசராகவில்லை’ என்ற பொருளும் ஏறியிருந்தது. ஜோன் ஆஃப் ஆர்க் 1429-இல் ஏழாம் சார்லஸைச் சந்திக்கும்போது அவர் தந்தை இறந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ரைம்ஸ் தேவாலயத்தில் முடிசூட்டு நடக்கும்வரை ஜோன் அவரைத் தோஃபான் என்றே அழைத்தாள். அவள் கணக்கில் பிறப்பு மட்டும் ஒருவரை அரசராக்கிவிடாது.

ஒரு பட்டம் எவ்வளவு வேகமாகக் கை மாறும் என்பதை 1711, 1712-இல் பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனை பார்த்தது. பதினான்காம் லூயி அப்போது 70 வயதைத் தாண்டியவர். 1711 ஏப்ரலில் அவர் மகன், தோஃபான், அம்மையில் இறந்தார். பட்டம் பேரன் பர்கண்டி கோமகனுக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் அரண்மனையில் தட்டம்மை பரவியது. முதலில் பேரனின் மனைவி, ஆறு நாள் கழித்துப் பேரன். பட்டம் ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனுக்கு வந்தது. மார்ச் 8-ஆம் தேதி அவனும் இறந்தான். ஒரு வருடம் முடிவதற்குள் மூன்று தோஃபான்கள் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு வயதுத் தம்பி ஒருவன், அவனுக்கும் காய்ச்சல். அரண்மனை வைத்தியர்கள் அண்ணனுக்குச் செய்த அதே சிகிச்சையை, நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பதை, இவனுக்கும் செய்ய வந்தார்கள். குழந்தையை வளர்த்த மதாம் டு வான்டடூர் அவர்களை உள்ளே விடவில்லை. குழந்தையோடு அறைக்குள் இருந்துகொண்டு, கதகதப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டார். பிழைத்தான். மூன்று ஆண்டு கழித்து, ஐந்து வயதில், பதினைந்தாம் லூயி என்ற பெயரில் அரசனானான். பிரான்சின் அரச குடும்பமே வைத்தியர் சொல்லுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது ‘இந்தப் பிள்ளையைத் தொடாதே’ என்று நின்ற அந்தப் பெண்மணியை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது.

பட்டத்தின் முடிவும் துயரம்தான். பதினாறாம் லூயியின் மூத்த மகன் 1789 ஜூன் 4-ஆம் தேதி, புரட்சி வெடிக்கும் முன், ஏழு வயதில் நோயில் இறந்தான். இளையவன் தோஃபானானான். 1791 அரசியல் சட்டம் அந்தப் பெயரை நீக்கி ‘அரச இளவரசர்’ என்று மாற்றியது. பிரான்சின் அரசர் இனி பிரெஞ்சு மக்களின் அரசர் என்றானபின் பழைய கிரயப் பத்திரத்தின் பெயருக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். அந்தச் சிறுவன் டெம்பிள் சிறையில் 1795-இல் 10 வயதில் இறந்தான். 1824-இல் பட்டம் ஒருமுறை திரும்பி வந்து 1830 புரட்சியோடு நிரந்தரமாகப் போனது.

இடையில் நெப்போலியன் தன் மகனுக்குத் தேர்ந்தெடுத்த பெயரையும் சொல்ல வேண்டும்: ‘ரோம் அரசர்’. குழந்தை 1811 மார்ச்சில் பிறந்தது, பட்டம் அதற்கு ஓராண்டு முன்பே சட்டமாகிவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். புனித ரோமப் பேரரசில், பேரரசர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து ‘ரோமர்களின் அரசர்’ என்று பெயர் வைப்பது பழைய மரபு. அந்தப் பேரரசு 1806-இல் நெப்போலியன் கொடுத்த அடியில்தான் முடிவுக்கு வந்தது. ஆக, அவர் அந்தப் பழைய பேரரசின் வாரிசுப் பட்டத்தைத் தன் பிள்ளையின் தொட்டிலில் வைத்தார். அந்தப் பிள்ளை ரோமை ஆளவில்லை, வியன்னாவில் தாய்வழித் தாத்தா அரண்மனையில் வளர்ந்து 21 வயதில் இறந்தது.

ஸ்பெயினில் கல்யாணம். இன்றைய ஸ்பெயினின் பெரும் பகுதியை ஆண்ட காஸ்டீல் நாட்டின் அரியணை யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் மோதின. கொல்லப்பட்ட அரசர் பெத்ரோவின் மகள் கான்ஸ்டன்ஸைக் கல்யாணம் செய்துகொண்ட ஆங்கிலேயர், லங்காஸ்டர் கோமகன் ஜான், மனைவி வழியில் உரிமை கேட்டுப் படையெடுத்தார். எதிரில் அப்போதைய அரசர் முதலாம் ஹுவான். 1388-இல் பேயோனில் சமாதானம் பேசினார்கள். ஜான் உரிமையை விட்டுக்கொடுப்பார், பெரும் பணம் பெற்றுக்கொள்வார், அவர் மகள் கேத்தரின் ஹுவானின் மகன் என்ரிக்கேயைக் கல்யாணம் செய்துகொள்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்து, வட ஸ்பெயினில் உள்ள ஆஸ்தூரியாஸ் பகுதியின் பெயரில், ‘ஆஸ்தூரியாஸ் இளவரசர்’ என்ற புதுப் பட்டம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. லங்காஸ்டர் ஜானின் சொந்த அண்ணன்தான் வேல்ஸ் இளவரசராக இருந்த கறுப்பு இளவரசர். தன் மகளுக்கும் மருமகனுக்கும் அதே மாதிரி ஒன்று கேட்டிருக்க வேண்டும் என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டாம்.

அந்தப் பட்டத்தின் கனம் 1969-இல் இன்னொரு விதமாகத் தெரிந்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோ, ஹுவான் கார்லோஸைத் தன் வாரிசாக அறிவித்தார். ஆனால் ஆஸ்தூரியாஸ் பட்டத்தைக் கொடுக்கவில்லை, ‘ஸ்பெயின் இளவரசர்’ என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். ஏனென்றால் ஆஸ்தூரியாஸ் என்றால் அரசரின் பிள்ளை என்று பொருள், அப்படியானால் நாடுகடந்து இருந்த அப்பா ஹுவான்தான் அரசர் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். ஃபிராங்கோ ஏற்படுத்த நினைத்தது தன் கையால் நடப்பட்ட புது முடியாட்சி. ஒரு பெயரைத் தவிர்ப்பதிலேயே இவ்வளவு அரசியல்.

போர்ச்சுகல் 1645-இல் தன் வாரிசுக்கு ‘பிரேசில் இளவரசர்’ என்று பெயர் வைத்தது. அந்த ஆண்டு பிரேசிலின் வடகிழக்குக் கரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால் அது பட்டத்தைவிட உரிமை முழக்கமாகத்தான் கேட்கிறது. 160 ஆண்டுக்கு மேல் கழித்து, நெப்போலியன் படை லிஸ்பனை நெருங்கியபோது, அன்றைய பிரேசில் இளவரசர் ஜுவாவும் அரச குடும்பமும் 1807 நவம்பரில் கப்பலேறி உண்மையிலேயே பிரேசிலுக்குப் போய் அங்கிருந்து ஆண்டார்கள். அவருடைய மகன் பெத்ரோவே 1822-இல் பிரேசிலின் விடுதலையை அறிவித்தார்.

நெதர்லாந்தின் ‘ஆரஞ்சு இளவரசர்’ வேறு மாதிரி. ஆரஞ்சு என்பது தென் பிரான்சில் ஒரு சிற்றூர், பழத்துக்கும் அந்த ஊர்ப் பெயருக்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. 1544-இல் பிள்ளையில்லாத ஒன்றுவிட்ட சகோதரரின் உயிலால் 11 வயது வில்லியமுக்கு வந்தது. அவர்தான் பின்னாளில் ஸ்பெயினை எதிர்த்து டச்சு விடுதலைப் போரைத் தொடங்கியவர். 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் ஊர் பிரான்சுக்குப் போய்விட்டது. ஊர் போனாலும் பெயரை அவர்கள் விடவில்லை, டச்சுக் கால்பந்து ரசிகர்களின் சட்டை நிறம்வரை அது வாழ்கிறது. பெல்ஜியத்துக்கு 1830-க்குப் பிறகுதான் அரசே வந்தது. 1840-இல் ‘பிரபாண்ட் கோமகன்’ என்ற பழைய பெயரை எடுத்து வாரிசுக்குச் சூட்டினார்கள்.

இனி பெண்கள். இந்தப் பட்டங்களின் கடந்த 50 ஆண்டு வரலாறு முழுக்க அதுதான்.

1979 மே 13-ஆம் தேதி ஸ்வீடனில் கார்ல் ஃபிலிப் பிறந்தபோது அவன்தான் மகுட இளவரசன். அக்கா விக்டோரியாவுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். ஆனால் மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ அதற்கே அரியணை என்ற சட்டத் திருத்தம் ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்தது. 1980 ஜனவரி 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்ததும் பட்டம் தம்பியிடமிருந்து அக்காவிடம் போனது. ஏழு மாதக் குழந்தைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பிறந்த பிள்ளையிடமிருந்து பின்தேதியிட்டுப் பட்டத்தை எடுப்பது சரியல்ல என்று அப்பா கார்ல் குஸ்தாவ் வெளிப்படையாகவே சொன்னார். அப்பாவின் மனசு புரிகிறது, ஆனாலும் எனக்கு நாடாளுமன்றம் செய்ததுதான் சரி. நார்வே 1990-இல் இதே மாற்றத்தைச் செய்தபோது பின்தேதியிடவில்லை. அதனால் அங்கே அக்கா மார்த்தா லூயிஸ் இருக்க, தம்பி ஹோகோன்தான் வாரிசு.

நெதர்லாந்தில் கேத்தரினா அமாலியா 2013-இல் ஆரஞ்சு இளவரசி ஆனார். சொந்த உரிமையில் அந்தப் பட்டம் ஒரு பெண்ணிடம் வந்தது சுமார் 600 ஆண்டுக்குப் பிறகு. அதே ஆண்டு பெல்ஜியத்தில் எலிசபெத், அரியணை வாரிசு என்ற உரிமையில் பிரபாண்ட் கோமகளான முதல் பெண் ஆனார். ஸ்பெயினில் லியோனோர் ஆஸ்தூரியாஸ் இளவரசி, 2023-இல் 18 வயது ஆன அன்று அரசியல் சட்டத்தின் மேல் உறுதிமொழி எடுத்தார். ஆனால் ஸ்பெயின் சட்டம் இன்னும் மாறவில்லை, தம்பி ஒருவன் பிறந்திருந்தால் பட்டம் அவனுக்குத்தான் போயிருக்கும். மொனாக்கோவில் அது கண்ணெதிரே நடந்தது. 2014 டிசம்பர் 10-ஆம் தேதி இரட்டைக் குழந்தைகள். கேப்ரியல்லா முதலில், இரண்டு நிமிடம் கழித்து ஜாக். வாரிசுக்குரிய ‘போ மார்க்வி’ பட்டம் ஜாக்குக்குத்தான்.

பிரிட்டனில் 2013 சட்டம் இந்த ஆண்-பெண் வேறுபாட்டை நீக்கியது. 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மூத்தவர்தான் முதல். அதனால் வில்லியமின் மகள் ஷார்லட்டைத் தம்பி லூயி முந்த முடியாது. நாளை வில்லியமின் மூத்த மகன் ஜார்ஜ் அரசராகி அவருக்கு முதல் பிள்ளை மகளாகப் பிறந்தால் அவளை யாராலும் தள்ள முடியாது, எலிசபெத்துக்கு இருந்த அந்தச் சிக்கல் அவளுக்கு வராது. அரசர் விரும்பினால் அவளுக்குச் சொந்த உரிமையில் ‘வேல்ஸ் இளவரசி’ பட்டத்தையும் தரலாம். கார்ன்வால் மட்டும் கிடைக்காது. அந்த நிலையில் வாரிசுக்கு அதற்கு ஈடான பணத்தைக் கொடுக்க 2011-இல் ஒரு சட்டத்தில் வழி செய்து வைத்திருக்கிறார்கள். 1337-ஆம் ஆண்டுப் பட்டயத்தில் எழுதியிருக்கும் ‘மகன்’ என்ற சொல்லை இன்னும் யாரும் மாற்றவில்லை.